நூறு பிரதி காமிக்ஸ்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

புத்தகக் கண்காட்சிகளில் என் மேசை முன்னால் வந்து நிற்கிற இளைஞர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, நானும் வரைவேன். ஒரு கதையும் இருக்கு. யார்கிட்ட கொடுக்கணும்?" யாரிடமும் கொடுக்க வேண்டாம், நீயே போடு என்றால் நம்ப மறுக்கிறார்கள். காமிக்ஸ் என்றால் சிவகாசி, பெரிய இயந்திரம், ஆயிரக்கணக்கில் பிரதி என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. அதில் தப்பில்லை. 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ் என்று நம்மை வளர்த்தது அந்த ஊர்தான். ஆனால் அவை பெரும்பாலும் மொழிபெயர்ப்புக் கதைகள். நம் தெருவும் நம் பேச்சும் கட்டங்களுக்குள் வர வேண்டுமென்றால் அதை நாமேதான் வரைந்து, நாமேதான் அச்சிட வேண்டியிருக்கிறது.

அதற்கு ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு ஸ்டேப்ளர், நூறு பேருடைய முகவரி போதும். அமெரிக்காவில் ஜான் போர்செல்லினோ என்பவர் 1989-ல் ஜெராக்ஸ் எடுத்து மடித்து அனுப்பத் தொடங்கிய சின்ன இதழ் எண்பது இதழ்களைத் தாண்டியும் வருகிறது. கிளீவ்லாந்தில் ஒரு மருத்துவமனையில் கோப்பு எழுத்தராக இருந்த ஹார்வி பீக்கருக்கு வரையவே தெரியாது. குச்சி மனிதர்களாகக் கட்டம் போட்டுக் கதை எழுதுவார், மற்றவர்கள் வரைந்து கொடுப்பார்கள். 1976-ல் தொடங்கி ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொந்தக் காசில் வெளியிட்டுக்கொண்டே இருந்தார். வேலையையும் விடவில்லை.

இந்த இருவரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் இதழைப் பிரமாதமாகப் போட்டுவிட்டு, கையில் இருந்த பணமும் தெம்பும் தீர்ந்து, இரண்டாவது இதழே வராமல் நின்றுபோனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரே கணக்கை வைத்துத்தான்: அடுத்த இதழும் வர வேண்டும். அதற்கு ஏற்ற அளவில் இந்த இதழைப் போடுங்கள்.

முதலில் ஒரே ஒரு தாள்

48 பக்க வண்ணப் புத்தகத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு ஏ4 தாளை எடுங்கள். மூன்று முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். தாளைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டு, கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3 என்று எண் போடுங்கள். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 7, 6, 5, 4. ஆனால் இவை தலைகீழாக இருக்க வேண்டும். நட்டநடுவில், 6-க்கும் 1-க்கும் இடையில் தொடங்கி, 5-க்கும் 2-க்கும் இடையில் முடிகிற மாதிரி ஒரு கீறல். பிறகு நீளவாக்கில் மடித்து இரண்டு ஓரங்களையும் உள்ளே தள்ளினால் கீறல் விரிந்து, தாள் தானாகவே எட்டுப் பக்கப் புத்தகமாகச் சேர்ந்துவிடும். பின் வேண்டாம், பசை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பிரின்ட் எடுத்தால் போதும்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற இந்தப் புத்தகத்தை இருபது பிரதி எடுத்து நண்பர்களிடம் கொடுங்கள். யார் எந்தப் பக்கத்தில் சிரிக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் புருவத்தைச் சுருக்கித் திரும்பப் படிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்று மாதம் தனியாக உட்கார்ந்து வரைந்தாலும் தெரியவராத விஷயம் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்படி இரண்டு மூன்று செய்த பிறகு ஏ5 அளவுக்கு வாருங்கள். ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5. பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 8, 12, 16, 20. முதல் ஏ5 இதழுக்குப் பதினாறு பக்கம் தாராளம்.

கதை

பதினாறு பக்கத்தில் ஒரு சம்பவம் அடங்கும், ஒரு வாழ்க்கை அடங்காது. ஊரில் கடைசியாக மூடப்பட்ட தியேட்டர், பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, டவுன் பஸ்ஸில் தொலைந்த செருப்பு மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கதையையும் முதலில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் கிறுக்கிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு நாலிலிருந்து ஆறு கட்டம். ஏ5-ல் அதற்கு மேல் போனால் நெரிசல். கண்ணை இழுக்க வேண்டிய திருப்பங்களை இரட்டைப்படைப் பக்கத்தில் வையுங்கள். வாசகர் தாளைப் புரட்டியதும் இடப்பக்கம் முதலில் கண்ணில் படுவது அதுதான். பேய் வருவதானால் ஆறாம் பக்கத்தில் வரட்டும். ஏழில் வந்தால் ஆறைப் படிக்கும்போதே எதிரில் தெரிந்துவிடும்.

வேறொருவர் உருவாக்கிய நாயகர்களை வைத்து வரைந்து விற்காதீர்கள். சினிமா நட்சத்திரங்களின் முகமும் வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும், உங்கள் தெருவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

வரைவது

ஏ5 இதழுக்கு ஏ4-ல் வரையுங்கள். ஜெராக்ஸ் எந்திரத்தில் 71 சதவீதம் என்று வைத்தால் ஏ4 அப்படியே ஏ5 ஆகும். கோடுகளின் நடுக்கமும் அந்தச் சுருக்கத்தில் கொஞ்சம் மறையும். ஆனால் கோடும் மெலியும்: அரை மில்லிமீட்டர் கோடு 0.35 ஆகிவிடும். அதனால் மெல்லிய பேனாவில் இழை இழையாக நிழல் போட்டு வைத்தால் பிரின்ட்டில் காணாமல் போகும்.

பென்சில் நிழலையும் வாட்டர் கலர் பூச்சையும் ஜெராக்ஸ் எந்திரம் அழுக்குத் திட்டுகளாக மாற்றிவிடும். கறுப்பென்றால் முழுக் கறுப்பு, வெள்ளையென்றால் முழு வெள்ளை. நடுத்தர நிழல் வேண்டுமென்றால் கோடுகளாலும் புள்ளிகளாலும் கொண்டுவாருங்கள். கேம்லின் வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க்கும் ஒரு தொட்டு எழுதும் நிப்பும் இருந்தால் போதும். அது பழக நாளாகும் என்றால் நல்ல ஜெல் பேனா. முதல் பக்கத்தை முடித்ததும் மற்ற பக்கங்களுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போய் அந்த ஒரு பக்கத்தை 71 சதவீதத்தில் எடுத்துப் பாருங்கள். என்ன மறைகிறது, என்ன அடைத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டு மீதியை வரையலாம்.

டேப்லெட்டில் வரைகிறவர்கள் கறுப்பு வெள்ளைக் கோட்டு வேலைக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்துக்கொள்ளுங்கள். 300 வைத்தால் எழுத்து விளிம்புகள் பிசிறடிக்கும். கிரிட்டா, இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்ற மூன்று மென்பொருள்களும் இலவசம். ஒரு முழு இதழையே இவற்றில் முடித்துவிடலாம்.

எழுத்துதான் பாதி காமிக்ஸ்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் சொந்தமாக காமிக்ஸ் போடுகிறவர்கள் அதிகமாகச் சறுக்குகிற இடம் இது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "போய்க்கொண்டிருந்தார்கள்" என்ற ஒரு சொல்லே ஒரு பேச்சுப் பலூனின் அகலத்தைத் தின்றுவிடும். படம் வரைந்து முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் வசனத்தைத் திணிப்பது நடக்காத காரியம். முதலில் வசனத்தை எழுதுங்கள், பிறகு பலூன், கடைசியில்தான் முகம். பலூனை உயரமாகப் போடாமல் அகலமாகப் போடுங்கள். ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு, பதினைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். முதலில் பேசுகிறவர் இடது பக்கம் நிற்க வேண்டும். இதை மறந்துவிட்டால் பதில் முன்னாலும் கேள்வி பின்னாலும் வரும்.

வசனம் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். "நீ எங்கே செல்கிறாய்?" என்று எந்த டீக்கடையில் யார் கேட்கிறார்கள்? "எங்கடா போற?" என்று எழுதுங்கள். எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். "ஏல, எங்க போற?" என்றால் திருநெல்வேலி, "எங்கீங்க போறீங்க?" என்றால் கோவை. கதை சொல்லும் குரல் மட்டும் எழுத்துத் தமிழில் இருந்தால் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

அப்புறம் ஓசைகள். ஆங்கிலக் காமிக்ஸைப் பார்த்து "பூம்", "கிராஷ்" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. தமிழைப் போல ஓசைச் சொற்கள் கொட்டிக்கிடக்கிற மொழி வேறு எத்தனை இருக்கும்? கொலுசு கலகல, ஓடை சலசல, காய்ந்த சருகு சரசர, ரயில் தடதட, நெஞ்சு படபட, மழை சடசட, இடி மடமட. இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியமே இலக்கணம் சொல்லியிருக்கிறது. அம்மிக்குழவி உருளும் சத்தத்துக்கும் கிணற்று ராட்டினம் கிறீச்சிடும் சத்தத்துக்கும் நீங்களே காது கொடுத்துக் கேட்டு எழுத்துக் கூட்டுங்கள். அந்த எழுத்துகளைக் கையால் வரையுங்கள். "தடதட" என்பதில் 'ட' வரவரப் பெரிதானால் ரயில் பக்கத்தில் வருகிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

வசனத்தையும் கையாலேயே எழுதுவது என் விருப்பம். கையெழுத்து மோசம் என்று தயங்கினால், பென்சிலில் இரண்டு இணைகோடு போட்டு அதற்குள் நிதானமாக எழுதிப் பழகுங்கள்; ஒரு மாதத்தில் படிக்கும்படி ஆகிவிடும். அப்படியும் எழுத்துரு வேண்டுமென்றால், திறந்த உரிமத்தில் கிடைப்பவை பல உள்ளன. காவிவனர் கையெழுத்துச் சாயல் கொண்டது. பலூ தம்பி தடிமனாக, தலைப்புகளுக்கு நன்றாக இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை தெளிவானவை. விற்பனைக்கான இதழில் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கணினியில் எழுத்து சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்னுடைய இரண்டாவது இதழை ஃபைலாகக் கொண்டுபோய் ஒரு கடையில் கொடுத்தேன். அறுபது பிரதி எடுத்து, மடித்து, பின் அடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்: 'கொ' என்ற எழுத்து வருகிற இடமெல்லாம் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம், நடுவே ஒரு வட்டம் என்று உடைந்து கிடந்தது. அந்தக் கணினியில் என் எழுத்துரு இல்லை. அன்றிலிருந்து, கடைக்குப் போகும் ஃபைலில் எல்லா எழுத்தையும் அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக) மாற்றிவிட்டுத்தான் பிடிஎஃப் எடுக்கிறேன். ஃபோட்டோஷாப், இன்டிசைன் பயன்படுத்துகிறவர்கள் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தங்கள் கணினியிலேயே எழுத்து உடையும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: மாற்றிய ஃபைல் தனி, மாற்றாத ஃபைல் தனி என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பிழை திருத்த மாற்றாததுதான் உதவும்.

பக்க வரிசை

மடித்துப் பின் அடிக்கிற புத்தகத்தில் 1-க்குப் பக்கத்தில் 2 வராது. பதினாறு பக்கம் என்றால் ஒரே தாளின் ஒரு முகத்தில் பக்கத்துப் பக்கமாக வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும். வெளித்தாளின் வெளிப்புறம் 16, 1. உட்புறம் 2, 15. அடுத்த தாள் 14, 3. பின்னால் 4, 13. மூன்றாவது 12, 5. பின்னால் 6, 11. நடுத்தாள் 10, 7. பின்னால் 8, 9. எட்டுப் பக்கம் என்றால் கூட்டுத்தொகை 9, இருபது என்றால் 21.

இதை மனதில் போட்டுக் குழம்ப வேண்டாம். நான்கு வெற்றுத் தாளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி, பேனாவால் 1 முதல் 16 வரை எழுதி, பிறகு பிரித்துப் பாருங்கள். அந்த மாதிரிப் பிரதியைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். நூறு வார்த்தையில் விளக்குவதைவிடக் கடைக்காரத் தம்பிக்கு அது சட்டென்று புரியும். இருபுறமும் பிரின்ட் எடுக்கும்போது 'ஷார்ட் எட்ஜ்' என்ற தேர்வைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வந்து நிற்கும். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, முழுக்கப் படித்துப் பார்த்த பிறகு மீதியை எடுக்கச் சொல்லுங்கள். அவசரம் என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள்.

ஓரங்களில் குறைந்தது ஐந்து மில்லிமீட்டர் இடம் விடுங்கள், எந்திரம் அதுவரை அச்சடிக்காது. மடிப்பு ஓரத்தில் குறைந்தது பன்னிரண்டு மில்லிமீட்டர் வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்புவரை எட்டாது. நீளக்கை ஸ்டேப்ளர் வாங்கலாம், அல்லது கடையில் சென்டர் பின் அடித்துத் தரச் சொல்லலாம். இரண்டும் இல்லையென்றால்: தெர்மாகோல் பலகை மேல் புத்தகத்தை விரித்து, வெளிப்பக்கம் மேலே இருக்க வைத்து, ஸ்டேப்ளரை முழுக்கத் திறந்து மடிப்பின் மேல் அழுத்துங்கள். பின் தாளைத் துளைத்துத் தெர்மாகோலில் இறங்கும். மெதுவாகத் தூக்கி, கால்களை ஸ்பூனின் முதுகால் உள்ளே மடக்குங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. மடிப்பையும் அதே ஸ்பூனால் ஒரு இழுப்பு இழுத்தால் புத்தகம் புடைத்துக்கொண்டு நிற்காது.

எங்கே, எத்தனை

நூறு பிரதிவரை ஜெராக்ஸ் அல்லது டிஜிட்டல் பிரின்ட். மார்ச், ஏப்ரலில் கல்லூரிப் பக்கத்துக் கடைகளுக்குப் போகாதீர்கள், புராஜெக்ட் பைண்டிங் கூட்டத்தில் உங்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். மதிய நேரத்தில், கூட்டமில்லாத கடையாகப் பார்த்துப் போய், அங்கேயே பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இதழுக்கு அவர்களே டோனர் புதிதாகப் போட்ட அன்று கூப்பிடுவார்கள்.

ஆஃப்செட்டில் தகடு போடும் செலவு பத்துப் பிரதிக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றுதான். அதனால் ஐந்நூறுக்கு மேல் போனால்தான் கட்டுபடியாகும். ஐந்நூறு வாசகர் இருக்கிறார்கள் என்று உங்கள் வாசகர் நோட்டு (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) சொல்கிறவரை அந்தப் பக்கம் போக வேண்டாம். போகிற நாளில், ஆண்டுக் கடைசியைத் தவிருங்கள். காலண்டர், டைரி வேலையும் சென்னைக் கண்காட்சிக்கான புத்தகங்களும் ஒன்றாக வந்து குவிகிற நேரம் அது.

உள்தாளுக்கு 75 அல்லது 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம்.) அட்டைக்கு 170 போதும். 300 போட்டால் மடிப்பில் வெடிக்கும். அட்டையில் மட்டும் வண்ணம் என்பது நல்ல ஏற்பாடு. வண்ணப் பிரின்ட்டுக்குக் காசில்லையா? வண்ணத்தாளில் கறுப்பு மையில் அடியுங்கள். மஞ்சள் தாளில் கறுப்பு எடுப்பாக இருக்கும்.

விலை

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பதினாறு பக்கம் என்றால் நான்கு ஏ4 தாள், எட்டு முகம். முகத்துக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு. வண்ண அட்டை பன்னிரண்டு. பின், வந்து போகும் செலவு ஒன்று. மொத்தம் இருபத்தைந்து. உங்கள் ஊர் விலையை இதில் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் மட்டுமே விற்பதானால் நாற்பது வைக்கலாம். கடையில் வைக்கிற எண்ணம் இருந்தால் குறைந்தது ஐம்பது வேண்டும், ஏனென்றால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கடைக்குப் போகும். விலையைக் குறைத்து வைத்தால் நிறையப் பேர் வாங்குவார்கள் என்று நினைத்து அடக்கவிலைக்கே கொடுக்காதீர்கள். இந்த இதழின் மிச்சத்தில்தான் அடுத்த இதழின் தாள் வர வேண்டும். உங்கள் உழைப்புக்குக் கூலி இந்தக் கணக்கில் வராது. முதல் சில வருடங்களுக்கு அது வராது என்று தெரிந்தே இறங்குங்கள்.

அட்டையின் உட்புறம் இதெல்லாம் இருக்க வேண்டும்: இதழின் பெயர், இதழ் எண், மாதமும் வருடமும், வரைந்தவர் எழுதியவர் பெயர், அச்சகம், விலை, தொடர்புக்கு மின்னஞ்சல். வீட்டு முகவரி போடத் தயக்கமாக இருந்தால், குறிப்பாகப் பெண்கள், அஞ்சலகத்தில் தபால் பெட்டி எண் வாங்கிக்கொள்ளலாம். இதழ் எண்ணையும் வருடத்தையும் விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து எது முதலில் வந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

வாசகர் நோட்டு

நம் சிற்றிதழ் ஆட்கள் இதில் முன்னோடிகள். 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அட்டையில் போட்டு, சந்தாதாரர் பட்டியலை வைத்தே ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள். சி.சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய 'எழுத்து'வுக்காகப் புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். நமக்குப் பை அத்தனை கனமில்லை.

ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்குங்கள். பெயர், ஊர், முகவரி, பின்கோடு, முதலில் எங்கே சந்தித்தோம், எந்தெந்த இதழ் அனுப்பியாயிற்று என்று கட்டம் போடுங்கள். கணினியிலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நோட்டு மேசையில் கண்ணெதிரே கிடக்கும். கடைசிக் கட்டத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தையை எழுதி வையுங்கள். 'நாய் வருகிற பக்கம் பிடித்தது.' அடுத்த இதழ் அனுப்பும்போது உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டில், இதிலும் அந்த நாய் வருகிறது என்று எழுதினால் அந்த மனிதர் உங்களை விட்டுப் போகமாட்டார். அவரிடமிருந்து அனுமதி வாங்கியே முகவரியை எழுதுங்கள், வேறு யாருக்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

தபாலில் அனுப்பும்போது எடை முக்கியம். 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. நான்கு தாளும் அட்டையும் சேர்ந்து முப்பது கிராம். வளையாமல் இருக்க ஒரு ஏ5 அட்டை, உறை எல்லாம் சேர்த்து ஐம்பது கிராமுக்குள் அடக்கிவிடலாம். ஸ்பீட் போஸ்ட்டின் முதல் எடைப்படி ஐம்பது கிராம்தான், அதனால் ஒரு சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து ஒட்டுங்கள். முன்பு பதிவுப் புத்தக அஞ்சல் என்று மலிவான வழி இருந்தது. 2024 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். பதிவுத் தபாலும் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டுடன் சேர்ந்துவிட்டது. 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்று ஞான் போஸ்ட் வந்தது. வணிக நோக்கம், பருவ இதழ் பற்றியெல்லாம் அதில் நிபந்தனைகள் உண்டு. உங்கள் புத்தகம் அதற்குள் வருமா என்று அஞ்சலகத்தில் ஒரு பிரதியைக் காட்டிக் கேளுங்கள். ஒரே ஊரில் நான்கு வாசகர் இருந்தால் ஒருவருக்கே நான்கையும் அனுப்பிவிடுங்கள். அவர்கள் தங்களுக்குள் அறிமுகமாகட்டும்.

கண்காட்சிகளைப் பொறுத்தவரை, சென்னையில் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் பொங்கல் நேரத்துக் கண்காட்சியில் தனி ஸ்டால் போடுவது புதியவருக்கு நடக்காது. தெரிந்த சிறுபதிப்பாளரின் மேசை ஓரத்தில் ஒரு அடி இடம் கேளுங்கள். ஆகஸ்ட்டில் ஈரோடு இருக்கிறது, மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. இண்டி காமிக்ஸ் ஃபெஸ்ட் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கென்றே பல நகரங்களில் கூடுகை நடந்திருக்கிறது. ஒன்றுமே இல்லாவிட்டால் நீங்களே கூட்டுங்கள். டோக்கியோவில் இன்று லட்சக்கணக்கானவர்கள் கூடும் காமிகெட், 1975 டிசம்பரில் 32 குழுக்களும் சுமார் 700 பேருமாகத் தொடங்கியதுதான். ஒரு நூலக அறையில் ஐந்து பேர் ஐந்து மேசை போட்டாலும் அது கூடுகைதான். விற்காத பிரதிகளை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தவர் இதழைப் படிப்பது நல்ல பாடம்.

பழைய கையெழுத்துப் பத்திரிகைகளில் கடைசிப் பக்கங்களை வாசகர் எழுதுவதற்கென்று வெறுமையாக விடுவார்கள். படித்தவர் தன் கருத்தை அதிலேயே எழுதி அடுத்தவரிடம் கொடுப்பார். எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடிக்கும். உங்கள் பின்னட்டை உட்புறத்தை வாசகர் கடிதங்களுக்கு ஒதுக்குங்கள். இரண்டே கடிதம் வந்தாலும் போடுங்கள்.

சட்டமும் நூலகமும்

பதிப்புரிமை, வரைந்த கணத்திலேயே உங்களுடையது. பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். கதை ஒருவர், படம் ஒருவர் என்றால் மட்டும், யாருக்கு என்ன உரிமை, மறுபதிப்புப் பணம் எப்படிப் பிரியும் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நட்பு கெடாமல் இருக்க அது உதவும்.

ஐஎஸ்பிஎன் என்கிற சர்வதேசப் புத்தக எண் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம்வழி இலவசமாகவே கிடைக்கும். யாராவது அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரே பெயரில் மாதம் ஒன்று, காலாண்டுக்கு ஒன்று என்று குறித்த இடைவெளியில் வெளியிட்டால் அது பருவ இதழாகக் கருதப்படலாம். அப்படியானால் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு தேவைப்படலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தனித் தலைப்புள்ள தனிப் புத்தகம் என்றால் அந்தக் கவலை இல்லை.

1954-ஆம் ஆண்டுப் புத்தகம் வழங்கல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சின்ன இதழ்காரர்கள் பலர் இதைச் செய்வதில்லை. நீங்கள் செய்யுங்கள். நூறு பிரதியில் தொண்ணூறு எங்கோ மழையில் நனைந்தோ பழைய பேப்பர்காரரிடமோ போய்விடும். கன்னிமாராவில் ஒன்று இருக்கும்.

வருடங்கள்

வருடத்துக்கு எத்தனை இதழ் என்பதை உங்கள் வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் வைத்து முடிவு செய்யுங்கள். ஆண்டுக்கு ஒன்று என்றாலும் அதே மாதத்தில் வரட்டும். என்னுடையது சித்திரையில் வரும். மாசியிலேயே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இடையில் வர முடியாமல் போனால் ஒரு அஞ்சலட்டையில் ஒரு படம் வரைந்து, ஏன் தாமதம் என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

மூலப் படங்களைத் தனித்தனிக் கோப்பில், இதழ் எண் எழுதி, அந்துப்பூச்சி படாமல் வையுங்கள். ஸ்கேன் செய்ததை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒவ்வொரு இதழிலும் பத்துப் பிரதிகளைக் கட்டி, யார் கேட்டாலும் கொடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள். அளவையும் மாற்றாதீர்கள். ஒரு இதழ் ஏ5, அடுத்தது சதுரம், அதற்கடுத்தது நீளவாட்டம் என்று போடும் ஆசை எனக்கும் வந்தது. அதை விட்டதற்குக் காரணம் ஒரு வாசகர்.

ஈரோட்டில் ஒரு சாயங்காலம். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் துணிப்பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். வார இதழ்த் தொடர்கதைகளை வெட்டிச் சேர்த்து பைண்டிங் செய்வார்களே, அதே மாதிரி கேலிகோ துணி முதுகு, மார்பிள் தாள் அட்டை. பிரித்தால் என் இதழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஏழு வருடத்தவை. எல்லாம் ஒரே அளவில் இருந்ததால்தான் தைக்க முடிந்தது என்றார். மடிப்பு ஓரத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர் விட்டிருந்ததால் ஒரு வசனம்கூடத் தையலுக்குள் போகவில்லை. இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் மட்டும் பதினாறு வெற்றுப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்.

"மூணாவது மட்டும் எங்கேயும் கெடைக்கலைங்க தம்பி. எடம் விட்டு வெச்சிருக்கேன்."

ஒதுக்கி வைத்த பத்துப் பிரதி என்கிற பழக்கம் எனக்கு அப்போது கிடையாது, மூன்றாவது இதழில் ஒன்றுகூட மிச்சமில்லை. மூலப் படங்கள் மட்டும் கோப்பில் இருந்தன. ஊருக்கு வந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். 71 சதவீதம், இருபுறம், நான்கு தாள். மடிக்காமல், பின் அடிக்காமல், தைப்பவருக்கு வசதியாக அப்படியே தட்டையாக ஒரு அட்டைக்குள் வைத்து அனுப்பினேன்.